ஹீட்டர் டிஸ்ப்ளே மின்னி மின்னி அணைகிறது: போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். மாமியாரின் அறைக்காக வாங்கிய 2000 வாட் செராமிக் டவர் ஹீட்டர் இரண்டு குளிர்காலம் நன்றாக ஓடியது. இந்த வருடம் மழை முடிந்து பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதிலிருந்து டிஸ்ப்ளே சரியில்லை. காலையில் போட்டால் எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. 'ஹை' வைத்ததும் அணைந்து, 88 என்று ஒரு தடவை மின்னி, மறுபடி அணைகிறது, உள்ளே டக் டக் என்று சத்தம் வேறு. 'லோ'வில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஓரளவு சரியாகிறது. அறையில் பல் கிட்டும் குளிர் இருக்க, அது 21 டிகிரி என்று காட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் போர்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் என்கிறார்கள். ஹீட்டர் வாங்கியதே 4,200தான், வாரண்டியும் முடிந்துவிட்டது. சூடுதான் வருகிறதே, டிஸ்ப்ளே இல்லாமலே ஓட்டலாமா? டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகன் தானே கழற்றிப் பார்க்கிறேன் என்கிறான், விடலாமா?

பதில்: மேடம், முதலில் அந்த 1,800 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டிஸ்ப்ளே கெட்ட மாதிரி தெரியவில்லை, போர்டில் இருக்கும் மூளை கெட்ட மாதிரியும் தெரியவில்லை. அதற்குப் போகிற கரண்ட் போதவில்லை. டிஸ்ப்ளே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதால் பழி அதன் மேல் விழுகிறது, அவ்வளவுதான். சரி, கோளாறு என்ன என்று பார்த்துச் சரிசெய்யும் வரை ஹீட்டரை 'ஹை'யில் போட வேண்டாம், மாமியார் தூங்கும்போது போட்டுவிட்டு வரவும் வேண்டாம். காரணம் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்ப உதவியது அந்த 88தான். பிளக்கைச் செருகியதும் இந்த மாதிரி ஹீட்டர்களில் ஒரு நொடி எல்லாக் கோடுகளும் எரிந்து 88 வரும், ஒரு பீப் சத்தம் கேட்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர், அதாவது போர்டின் மூளை, புதிதாகக் கண் விழிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் பிளக்கைத் தொடாமலே நடுவில் 88 வருகிறது என்றால், கன்ட்ரோலர் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். ஏன் அப்படி என்றால், 'ஹை' அழுத்தியதும் இரண்டு ரிலேக்கள் (கரண்ட் கொடுத்தால் தானாக மூடும் சுவிட்சுகள்) இழுக்க வேண்டும், அதற்குக் கரண்ட் போதாமல் போர்டின் வோல்டேஜ் சரிகிறது, கன்ட்ரோலர் அணைகிறது, அணைந்ததும் ரிலேக்கள் விடுகின்றன, பளு போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, கன்ட்ரோலர் விழிக்கிறது, 88 காட்டுகிறது, பழைய வேலையைத் தொடர மறுபடி ரிலேயை இழுக்கப் பார்க்கிறது, திரும்பவும் சரிகிறது. நீங்கள் கேட்கும் டக் டக் இந்தச் சுற்றின் சத்தம்தான். ஒவ்வொரு டக்குக்கும் எட்டு ஒன்பது ஆம்பியரை அந்த ரிலே முனைகள் சேர்ந்து தொட்டுத் தொட்டு விடுகின்றன, முனைகளுக்கு நடுவில் பொறி பறக்கும், முனை கருகும். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முனைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்விடும். அப்புறம் ஆஃப் பட்டனை அழுத்தினாலும் ஹீட்டர் அணையாது. 'ஹை' வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆக, கரண்ட் எங்கே குறைகிறது என்பதுதான் கேள்வி. வீட்டுச் சுவரிலா, ஹீட்டருக்குள்ளா? கழற்றுவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள், ஏனென்றால் அதற்கு ஸ்குரூ டிரைவர் தேவையில்லை.

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். செராமிக் ஹீட்டரில் இன்னொரு குணமும் உண்டு, அந்தக் கல் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பத்தில் இதைவிட அதிகமாகவே இழுக்கும், சூடேறியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும். எனவே காலைக் குளிரில் முதல் நிமிடம்தான் உங்கள் வயரிங்குக்கு உண்மையான பரீட்சை. ஹீட்டர் பவர் பிளக்கில், அதாவது 16 ஆம்பியர் பாயிண்டில் நேராக இருக்கிறதா, இல்லை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்டென்ஷன் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 6 ஆம்பியர் பாக்ஸில் கன்வெர்ட்டர் பிளக் மாட்டி ஹீட்டர் ஓட்டுவது மலையில் நிறைய வீடுகளில் நடக்கிறது, மஞ்சள் பூத்து உருகிய பாக்ஸ்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

நேராகச் சுவரில்தான் என்றால் இப்படிப் பாருங்கள். ஹீட்டரை 'லோ'வில் கால் மணி நேரம் ஓட்டி, அணைத்து, சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பிளக்கை உருவி அதன் பித்தளைக் கால்களுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டாலோ, பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறை இருந்தாலோ, சாக்கெட்டுக்குள் பித்தளை இளகிப்போயிருக்கிறது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள். அடுத்தது, தம்பியிடம், அதாவது உங்கள் மகனிடம், மல்டிமீட்டர் (வோல்டேஜ், ஓம் அளக்கும் மீட்டர்) இருக்கும். அதே சுவிட்ச் போர்டில் பக்கத்துச் சாக்கெட்டில் ஏசி வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் சோதனைக்காக ஒரே ஒரு முறை 'ஹை' போடுங்கள். 225 இருந்தது 218க்கு இறங்கினால் சுவர் நல்ல சுவர். 225 இருந்தது 190க்குப் படுத்துவிட்டால் பிரச்சினை ஹீட்டரில் மட்டும் இல்லை. மீட்டர் இல்லை என்றால் பழைய குண்டு பல்பு ஒன்றை அதே போர்டில் எரியவிட்டுப் பாருங்கள், மங்கினால் தெரியும். எல்இடி பல்பை வைத்துப் பார்க்காதீர்கள். அதற்குள் இருக்கும் டிரைவர் வோல்டேஜ் இறங்கினாலும் அதே வெளிச்சத்தைக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கீசரும் ஹீட்டரும் போடும் காலை நேரத்தில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2000 வாட்டுக்குத் தாங்குகிற ஸ்டெபிலைசரின் விலைக்கு இன்னொரு ஹீட்டரே வாங்கிவிடலாம். வேண்டாம்.

இடையில் ஒன்று. கோளாறே இல்லாத சில விஷயங்களுக்காகவும் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அணைத்த பிறகு டிஸ்ப்ளேயில் 30, 29, 28 என்று இறங்குவது ஃபேன் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிற நேரம், அது முடியும் முன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் தானாக எண்கள் மறைந்து, பட்டனைத் தொட்டால் திரும்ப வந்தால் அது தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க வைத்த வசதி. திடீரென்று 61 என்று காட்டினால் யாரோ பட்டனை நீளமாக அழுத்தி ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அது 16 டிகிரிதான். உங்களுடையது இந்த வகை இல்லை.

இப்போது அந்த 21 டிகிரி. இது தனி விஷயம், ஆனால் வேர் பக்கத்திலேதான் இருக்கிறது. காலையில் ஹீட்டர் ஆறிப்போயிருக்கும்போது பிளக்கைச் செருகி, எதையும் ஓட்டாமல், முதல் எண் என்ன என்று பாருங்கள். முதலில் 11 காட்டி, ஓட ஆரம்பித்த பிறகு 21க்கு ஏறினால், சென்சார் தன் உடம்புச் சூட்டையே அளக்கிறது, சுவரோடு ஒட்டியோ திரைச்சீலைக்குக் கீழேயோ வைத்திருப்பீர்கள், ஒரு மூன்றடி தள்ளி வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே 21 என்றால் ஈரம்.

அறையின் சூட்டை அளப்பது ஒரு மிளகு அளவுள்ள தெர்மிஸ்டர். இந்த ஹீட்டர்களில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் வகைதான் இருக்கும், அதாவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம், குளிரக் குளிர ஓம் ஏறும், 10 டிகிரியில் சுமார் 20 கிலோ ஓம் ஆகும். கன்ட்ரோலருக்கு வெப்பநிலை என்று ஒன்றும் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஓம்தான். இப்போது அந்தச் சென்சார் வயர் போர்டில் செருகும் கனெக்டரில் ஈரம் படிந்து, இரண்டு பின்களுக்கும் நடுவில் 30 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு உண்டாகிவிட்டது என்று வையுங்கள். 20உம் 30உம் இணையாகச் சேர்ந்தால் 12. 12 கிலோ ஓம் என்றால் கன்ட்ரோலரின் கணக்குப்படி 21 டிகிரி. அறை 10 டிகிரியில் இருக்க, அது நிம்மதியாக 21 என்று எழுதிவைக்கும், நீங்கள் 22 வைத்திருந்தால் ஒரு டிகிரி ஏறியதும் சூட்டை நிறுத்திவிடும். மாமியாருக்குக் குளிர் விடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். குன்னூருக்கு மழை அதிகம் கொட்டுவது ஐப்பசி கார்த்திகையில். அந்த இரண்டு மாத ஈரத்தையும் அட்டைப்பெட்டி உறிஞ்சி வைத்திருக்கும், அது அடங்கிய கையோடு குளிர் வந்துவிடுகிறது, நாம் பெட்டியைத் திறந்து அப்படியே பிளக்கில் செருகுகிறோம். ஹீட்டரை வெயில் படும் ஜன்னலோரம் இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டுப் போட்டாலே சில சமயம் இந்த 21 காணாமல் போய்விடும். முதலில் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

சரி, சுவர் நன்றாக இருக்கிறது, காற்றாட வைத்தும் ஆயிற்று, டிஸ்ப்ளே இன்னும் மின்னுகிறது. இனி தம்பியின் வேலை. விடலாமா என்று கேட்டீர்கள். விடலாம், ஒரு நிபந்தனை: போர்டு திறந்திருக்கும் நேரம் முழுவதும் பிளக் சுவரில் இருக்கக் கூடாது, எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜை மேல் கிடக்க வேண்டும். தம்பிக்கு இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், கல்லூரி லேபில் பழகிய 5 வோல்ட் போர்டு மாதிரி நினைத்துத் தொட்டுவிடக் கூடாது.

தம்பி, லேபில் இருக்கும் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, அது மெயின்ஸையும் உன் கையையும் பிரித்து வைக்கும். இந்த மாதிரி விலையில் வரும் ஹீட்டர்களில் பலவற்றில் அது கிடையாது. ஒரு கெபாசிட்டரை (மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடும் பாகம்) நேராக மெயின்ஸில் வரிசையாகப் போட்டு, டையோடு, ஜெனர் (வோல்டேஜ் அளவு மீறாமல் பிடிக்கும் டையோடு) வைத்து 24 வோல்ட்டோ 12 வோல்ட்டோ எடுத்துவிடுவார்கள். 24, 5 என்று போர்டில் எழுதியிருக்கும், ஆனால் அந்த மொத்த போர்டும் ஃபேஸோடு கட்டிப்போட்டது. டிஸ்ப்ளேயின் கால், பட்டன், சென்சார் வயர், எதைத் தொட்டாலும் தரையைப் பொறுத்தவரை 230 வோல்ட்தான். பிளக்கில் இருக்கும்போது டெஸ்டரைக்கூட அதில் வைக்காதே. பிளக்கை உருவிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் 325 வோல்ட் வரைக்கும் பிடித்து வைத்திருக்கலாம். அதை வடிக்க ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கும், அது போயிருந்தால் வடியாது. அதனால் ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து அதன் இரண்டு காலிலும் அளந்து பூஜ்யம் என்று பார்த்த பிறகு கை வை.

எந்தக் கெபாசிட்டர் என்றால், போர்டில் மஞ்சளாகவோ சாம்பல் நிறத்திலோ தீப்பெட்டியில் பாதி அளவுக்குச் செவ்வகமாக ஒன்று நிற்கும், மேலே எக்ஸ்2 (மெயின்ஸைத் தாங்கும் வகை என்பதற்கான குறி) என்றும் 275 அல்லது 310 வோல்ட் என்றும் இருக்கும். 105 என்று போட்டிருந்தால் 1 மைக்ரோ ஃபாரட், 684 என்றால் 0.68, 474 என்றால் 0.47. என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். இதற்கு ஒரு நல்ல குணம், ஒரு கெட்ட குணம், இரண்டும் ஒன்றே. மின்சாரம் நின்று திரும்ப வரும்போது அடிக்கும் உதறலில் இதன் உள்ளே படலத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழும், உடனே அந்த இடத்து உலோகம் ஆவியாகித் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும், அதனால் ஷார்ட் ஆகாது, வீடு தப்பிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி உலோகம் குறைகிறது, அந்த அளவுக்கு மைக்ரோ ஃபாரட் குறைகிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். சர்வீஸ் ஆட்கள் இதை அளப்பதே இல்லை, கருகின இடம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் போர்டையே மாற்று என்று எழுதிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். 1 மைக்ரோ ஃபாரட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 72 மில்லி ஆம்பியர் விடும், முழு பிரிட்ஜ் (நான்கு டையோடு சேர்ந்த அமைப்பு) இருந்தால் போர்டுக்குக் கிடைக்கும் உச்சவரம்பு அதுதான். 24 வோல்ட் ரிலே ஒன்றுக்கு ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர், 'ஹை'யில் இரண்டு ரிலே, ஆக 30. டிஸ்ப்ளே, கன்ட்ரோலர், பீப்பர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15, 20. மொத்தம் 50 என்று வைத்துக்கொண்டாலும் 72ல் தாராளமாக ஓடும். அதே கெபாசிட்டர் தேய்ந்து 0.5க்கு வந்துவிட்டால் கிடைப்பது 36தான். ஒரு ரிலேயுடன் 'லோ'வில் இழுத்துப் பிடித்து ஓடும், இரண்டாவது ரிலே வந்ததும் படுத்துவிடும். உன் அம்மா எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். இதோடு சுவர் வோல்டேஜும் 190க்கு இறங்கினால் அந்த 36உம் 30 ஆகிவிடும், அதனால்தான் சுவரை முதலில் பார்க்கச் சொன்னேன்.

ஒரு காலையாவது சோல்டர் நீக்கித் தூக்கிவிட்டு மீட்டரில் மைக்ரோ ஃபாரட் அளவு பார். அதில் எழுதியதிலிருந்து பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 1 என்று எழுதியிருந்து 0.9 வந்தால் விட்டுவிடு, 0.7க்குக் கீழே வந்தால் ஆள் அதுதான். மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட், அதே எக்ஸ்2 வகை, கால் இடைவெளியும் அதே. கடையில் எக்ஸ்2 இல்லை, 400 வோல்ட் பாலியெஸ்டர் தருகிறேன் என்பார்கள், அது மெயின்ஸைத் தாங்கி நிற்கச் செய்ததில்லை, தீப்பிடிக்கலாம், வாங்காதே. கொஞ்சம் பெரிசாகப் போட்டால் நல்லா இருக்குமே என்றும் நினைக்காதே, மிச்சக் கரண்ட்டை எல்லாம் ஜெனர்தான் விழுங்க வேண்டும், அது வெந்துபோகும். இருபது முப்பது ரூபாய்ச் சாமான். குன்னூரில் கிடைக்காவிட்டால் கோவைக்கு யாராவது இறங்கும்போது சொல்லிவிடு, பழையதைக் கையில் கொடுத்து அனுப்பு.

இரண்டாவது சந்தேகம், பக்கத்தில் உருளையாக நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். 220 அல்லது 470 மைக்ரோ ஃபாரட் இருக்கும். காலையில் மோசமாக இருந்து கொஞ்ச நேரம் ஓடியதும் சரியாகிறது என்ற வரிதான் என்னை இதைப் பார்க்கச் சொல்கிறது. எக்ஸ்2 தேய்ந்தால் தேய்ந்ததுதான், காலையோ மதியமோ ஒரே மாதிரிதான் இருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் அப்படி இல்லை, உள்ளே இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகிவிடும், உள்தடை ஏறும், சூடு பட்டதும் இளகும். இது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி, மோட்டார் விட்டு விட்டு ஏற்றினாலும் குழாயில் சீராக வரவேண்டுமே, அதற்காக வைத்தது. தொட்டி பாதி தூர்ந்து போனால் குழாயில் விட்டு விட்டுத்தான் வரும், எண்கள் நடுங்குவது அதனால். மேல்பகுதி உப்பியிருந்தால் கண்ணாலேயே தெரியும், உப்பாமலும் கெட்டிருக்கும். எக்ஸ்2வைக் கழற்றுகிற கையோடு இதையும் மாற்றிவிடு, பத்து ரூபாய்க்கு யோசிக்க வேண்டாம். 85 டிகிரி என்று எழுதியது வேண்டாம், 105 டிகிரி கேள். சுற்றுப்புறச் சூடு பத்து டிகிரி ஏறினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு, ஹீட்டருக்குள் குடியிருக்கிற சாமானுக்கு இது முக்கியம். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றி வைத்தால் வெடிக்கும்.

இவற்றை மாற்றும் நேரத்தில் ரிலேக்களின் அடிப்பக்கத்தையும் ஒரு பூதக்கண்ணாடியில் பார். ஆணி மாதிரி தடித்த கால்களைச் சுற்றி, சோல்டரில் முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சோல்டர். ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விட்டுப்போனது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வை, பழையதன் மேலேயே பூசாதே. சென்சார் கனெக்டரையும் டிஸ்ப்ளேக்குப் போகும் பட்டை வயரின் கனெக்டரையும் உருவிப் பார், பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய். வீட்டில் இருக்கிறதே என்று ஜெல் சானிடைசரை எடுக்காதே, அதன் பிசுபிசுப்பு இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

இதே கேள்வியோடு வேறு அடையாளங்களை வைத்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. எண்கள் மங்காமல், நடுங்காமல், ஒரு கோடு மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. 8 எப்போதும் 0 ஆகவே தெரிந்தால் நடுக்கோடு போயிற்று, 7 வரவேண்டிய இடத்தில் 1 வந்தால் மேல்கோடு. இரண்டு இலக்கத்திலும் அதே கோடு இல்லை என்றால் வழியில் எங்கோ சோல்டர் விட்டிருக்கிறது, அல்லது டிரைவர் சிப்பின் அந்தக் கால் போயிருக்கிறது. ஒரே ஒரு இலக்கத்தில் மட்டும் என்றால் டிஸ்ப்ளேக்குள் அந்த எல்இடி செத்துவிட்டது, டிஸ்ப்ளேயை மட்டும் மாற்றலாம், அதே கால் அமைப்பு கிடைத்தால். ஈ1, ஈ2 என்று வந்தால் பெரும்பாலும் சென்சார் அறுந்தது அல்லது ஷார்ட், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். எதுவுமே எரியவில்லை, ஃபேனும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது தெர்மல் ஃபியூஸ் (சூடு அளவு மீறினால் அறுந்து கரண்ட்டை நிறுத்துவது).

அந்தத் தெர்மல் ஃபியூஸைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அது அறுந்திருந்தால் ஒரு துண்டு வயரைப் போட்டு ஷார்ட் செய்து ஓட்டிக் காட்டும் கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தம்பி, நீ அதைச் செய்யாதே, வேறு யாரையும் செய்யவும் விடாதே. ரிலே முனை ஒட்டிக்கொண்ட நாளில், ஃபேன் தூசியில் நின்றுபோன நாளில், கடைசிக் காவலாக நிற்பது அதுதான். கீழே சாய்ந்தால் அணைக்கும் சுவிட்சும் அப்படியே, அடிப்பலகையைத் திரும்பப் பூட்டியதும் அந்தக் குமிழ் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அழுத்திப் பார்.

மேடம், இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிஸ்ப்ளே இல்லாமலே ஓட்டலாமா? டிஸ்ப்ளே மட்டும் செத்து மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால், ஆள் இருக்கும்போது, கண் முன்னால், ஓட்டினால் ஒன்றும் குடி முழுகாது. தெர்மல் ஃபியூஸுக்கும் டிஸ்ப்ளேக்கும் சம்பந்தமில்லை, அது தன் வேலையைத் தனியாகச் செய்யும். ஆனால் உங்களுடையது அந்தக் கதை இல்லை, இதில் ரிலேயே துடிக்கிறது. தவிர, டைமர் ஓடுகிறதா, எத்தனை டிகிரி வைத்திருக்கிறது, நிஜமாகவே அணைந்துவிட்டதா என்பது எதுவுமே தெரியாத ஒரு பெட்டியை, எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்க முடியாத வயதானவரின் அறையில் இரவு முழுக்க விட்டுவைக்க என் மனம் ஒப்பவில்லை. வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றால் போர்டு மாற்ற வைத்திருந்த 1,800ஐ அதற்குப் போடுவது புத்திசாலித்தனம்.

ஹீட்டர் சரியாகும் வரை மாமியாருக்கு வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி போதும். கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, இருமலும் வராது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். உங்கள் மலையிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

போர்டு மாற்றுவது எப்போது நியாயம் என்றால், எக்ஸ்2 நல்ல அளவு காட்டுகிறது, எலெக்ட்ரோலிட்டிக் மாற்றியாகிவிட்டது, சோல்டர் சுத்தம், சுவரும் சுத்தம், அப்படியும் 88 மின்னுகிறது என்றால்தான். அப்போதும் 4,200 ரூபாய் ஹீட்டருக்கு 1,800 போட நான் சொல்ல மாட்டேன். அதே காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, எண்ணே இல்லாத, திருகு குமிழ் வைத்த ஐஎஸ்ஐ முத்திரை ஹீட்டராக வாங்குங்கள். வயதானவர் அறைக்கு அதுவே மேல், அவரே திருகி அணைத்துக்கொள்வார். போர்டு மாற்றுவதே என்று முடிவெடுத்தால் பழைய போர்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போட்ட பாகத்துக்கு எத்தனை மாதம் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

தம்பி கெபாசிட்டர்களை மாற்றி முடித்ததும், மூடியை முழுவதும் பூட்டிய பிறகு, முதலில் ஃபேன் மட்டும், அப்புறம் 'லோ', கடைசியாக 'ஹை' என்று ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எண்கள் மூன்றிலும் ஒரே வெளிச்சத்தில் நின்றால் வேலை முடிந்தது. டிஸ்ப்ளே சரியாகியும் அந்த 21 மட்டும் போகவில்லை என்றால், பிளக்கை உருவி, சென்சார் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கம் எத்தனை கிலோ ஓம் காட்டுகிறது, அந்த நேரம் அறையில் சாதாரண தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, இரண்டையும் குறித்து எழுதி அனுப்புங்கள். சென்சாரை மாற்றுவதா, கனெக்டரை மாற்றுவதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.